பக்கத்து லோடு

தூரத்து லோடு என்றால் கூசாமல் முடியாது என்று சொல்லிவிடுவேன். தூக்கம் இல்லை, உடம்பு சரியில்லை, எதையாவது சொல்லலாம். ஆபீஸில் திட்டிவிட்டு வேறு டிரைவரைப் பார்ப்பார்கள். பக்கத்து லோடைத்தான் மறுக்க முடியாது. திண்டிவனத்தில் ஏற்றி விழுப்புரத்தில் இறக்கு என்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாட்டேன் என்பது? லாரித் தொழிலில் இப்படி ஒத்துக்கொள்வதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது. அதைச் செய்தவன் நான்தான், அதனால் தாராளமாகத் திட்டுகிறேன்.

அன்று காலை திண்டிவனத்தில் லாரியை ஓரங்கட்டியபோது நான் படுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஓசூர் லோடு ஒன்று, அதை இறக்கியதும் சென்னை லோடு ஒன்று. கிளீனரும் இல்லை, தனி ஆள். விழுப்புரம் தாண்டி முகையூர் பக்கம்தான் வீடு. போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு படுத்தால் போதும் என்றிருந்தேன். அப்போதுதான் லோடு சொல்கிற ஆபீஸ்காரன் போன் செய்தான். என்னைவிடச் சின்னவன்.

"அண்ணே, அங்க குடோன்ல சிமெண்ட் ரெடியா இருக்குது. விழுப்புரத்துல போட்டுட்டு அப்டியே வீட்டுக்குப் போயிடுங்க."

"தூக்கம் கண்ண சுத்துதுப்பா."

"ஒரு மணி நேரம்தானேண்ணே. டீ குடிச்சிட்டு ஜல்தியா கெளம்புங்க. போற வழிதான."

சரி என்றேன். போகிற வழிதானே.

திண்டிவனம் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. உச்சி வெயில். முன்னால் ஒரு வைக்கோல் வண்டி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. அதை ஓவர்டேக் எடுக்கலாமா என்று யோசித்தேன். உடனே போன் அடித்தது.

"எங்கண்ணே வந்துக்கினு இருக்கீங்க?"

"இப்பதான் திண்டிவனம் தாண்டுனேன். விக்கிரவாண்டி டோலுக்கே இன்னும் நேரம் ஆகும்."

"வெளையாடாதீங்கண்ணே. டோல் தாண்டுன மெசேஜ் வந்து பத்து நிமிஷம் ஆகுது."

நிமிர்ந்து பார்த்தேன். வைக்கோல் வண்டியைக் காணோம். தலைக்கு மேல் விழுப்புரம் என்று பலகை போய்க்கொண்டிருந்தது.

டோலில் வேகத்தைக் குறைத்திருப்பேன், கியர் மாற்றியிருப்பேன், வரிசையில் நின்று நகர்ந்திருப்பேன். எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. என் கைதான், என் கால்தான். நான் மட்டும் அந்த லாரியில் இல்லை.

ஓரங்கட்டி இறங்கி முன்பக்கம் போனேன். இடது பக்கக் கண்ணாடி மடங்கிக் கிடந்தது. பம்பரில் ஒரு முழம் நீலத் தார்ப்பாய், கிழிந்து, கயிற்றோடு தொங்கியது. அடப்பாவி, யாரை இடித்துவிட்டு வந்தேன்? குனிந்து சக்கரம் சக்கரமாகப் பார்த்தேன். ரத்தம் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை சுற்றி வந்தேன்.

அங்கேயே சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். அந்தப் புத்தியும் இல்லை. ஊர்ந்து ஊர்ந்து விழுப்புரம் சிமெண்ட் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போதே மறுபடி போன்.

"அண்ணே, திரும்பறப்ப அரிசி மூட்டை இருக்குது. திண்டிவனம்தான்."

"முடியாது."

"என்னண்ணே பேஜாரு பண்றீங்க. கிட்டதான."

"கிட்டதான்றதாலதான் ஒத்துக்கினு வந்தேன். இன்னைக்கி ஸ்டியரிங்க தொடமாட்டேன். வேற ஆள அனுப்பு, இல்லன்னா என்ன வேலைய வுட்டு எடுத்துடு."

சாவியைக் கடையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எதிர்ப்பக்க ரோட்டையே பார்த்துக்கொண்டு போனேன். யாராவது செத்துக் கிடப்பார்களோ, கூட்டம் கூடியிருக்குமோ என்று ஒவ்வொரு இடமாகத் தேடினேன். விக்கிரவாண்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நீலமாக ஒன்று தரையில் கிடந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்து, ரோட்டைக் கடந்து போனேன்.

வேக வைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விற்கிற இடம். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி சாய்ந்த பந்தல் கொம்புகளை நட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சாக்கு விரித்திருந்தது. அதன் மேல் குறுக்காக டயர் தடம்.

"என்னம்மா ஆச்சு?"

"லாரி ஒண்ணு ரோட்ட வுட்டு எறங்கி வந்துச்சுங்க. எல்லாத்தையும் சாய்ச்சிக்கினு போயிட்டாரு. எம் பொண்ணு இந்த சாக்குலதான் படுத்துக்கினு இருக்கும். இன்னைக்கி இஸ்கோலுக்குப் போயிருக்குது."

கொம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தூங்கிட்டாரு போல."

"தூங்கலைங்க. கண்ணு நல்லா தொறந்துதான் இருந்துச்சு. நான் கைய ஆட்டி கத்துறேன், எம் மூஞ்சியவே பாத்துக்கினு வர்றாரு. ஹாரன்கூட அடிச்சாரு."

அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். எவ்வளவு யோசித்தும் என் ஞாபகத்தில் அந்த முகம் இல்லை.

"நான்தாம்மா அந்த டிரைவர்."

கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"பாத்துக்கினேதான வந்தீங்க?" என்றாள்.

"பாக்கலம்மா. சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் நம்பவில்லை. சாக்கைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். நான் ரோட்டைக் கடந்து போகிற வரைக்கும் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.