அழுகைக்கு ஒரு மிட்டாய்

என் அக்காள் கணவரைத் தெருவில் எல்லோரும் மிட்டாய் மாமா என்பார்கள். குழந்தைகளுக்கு மட்டும் முடி வெட்டும் சலூன் அவருடையது. சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரின் கிளினிக், கட்டடமே டாக்டருடையதுதான். அங்கே நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது என் வேலை. ஆகவே இந்தக் கூத்தைச் சுவரின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்த ஒரே ஜீவன் நான்தான்.

மாமா தங்கமான மனுஷர். குழந்தை அழுதால் கை நடுங்கிவிடும். கத்தரிக்கோல் பிடித்த கை நடுங்கலாமா? முதலில் மிரட்டிப் பார்த்தார். அதில் பிள்ளைகள் கற்றுக்கொண்டது கடையைக் கண்டாலே ஓடுவதை மட்டும்தான். அப்புறம்தான் அந்த மகா யோசனை வந்தது: அழுகையை நிறுத்தினால் ஒரு மிட்டாய். பிள்ளைகள் சட்டென்று நிறுத்தினார்கள். மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"பாத்தியா? குழந்தைங்க மனசு எனக்கு அத்துப்படி!"

அத்துப்படியாவது மண்ணாவது! அவர்களுக்குத்தான் இவர் அத்துப்படி. வாசல்வரை குதித்துக்கொண்டு வருகிற பிள்ளை, நாற்காலியில் ஏறியதும் மிட்டாய் ஜாடி மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஓவென்று ஒரு பாட்டம் அழும். டக்கென்று நிறுத்தும். கையை நீட்டும். மிட்டாய் கரைந்ததும் மறுபடி ஓ! ஒரு வாண்டுப் பெண் முடி வெட்டிக்கொள்ளவே வரவில்லை; சும்மா உள்ளே நுழைந்து, நின்றபடியே அழுதுவிட்டு, வாங்கிக்கொண்டு போனாள்.

இந்தப் பக்கம் என் பிழைப்பைக் கேளுங்கள். சுவர் மெல்லிசு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலிக்காரர் உட்கார்ந்திருப்பார். "ஐயோ, வேணாம், விட்டுடுங்க!" என்று அலறல் வரும். "உள்ள யாருங்க?" என்பார். பக்கத்துக் கடை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், வலியையும் எடுத்துக்கொண்டு ஆள் தெருமுனையில் இருப்பார்.

ஒருநாள் டாக்டர் சலூனுக்குள் பாய்ந்தார். "மாசக் கடைசிக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும். இல்லேன்னா கடையக் காலி பண்ணு!"

மாமாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்தக் கடையை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. பதற்றத்தில் டாக்டரை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையை இதமாகப் பிடித்துவிட்டார். டாக்டர் கண் சொருகி, பசுவாகத் திரும்பினார். மறுநாளும் வந்து கத்தினார், தலையைப் பிடித்துவிட்டதும் போனார். அதற்கு மறுநாளும்.

வீட்டில் மாமா சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அக்காவோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள்!

"ஏங்க, அழுகைய நிறுத்தினா மிட்டாய்னா, நிறுத்தறதுக்கு முதல்ல அழணும்ல? நீங்க அழத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

மறுநாள் ஜாடி அலமாரிக்குள் போனது. அன்று எழுந்த ஓலம் இருக்கிறதே! எப்போதும் பலித்த அழுகை பலிக்கவில்லை என்றதும் பிள்ளைகள் சுருதியைக் கூட்டினார்கள். மனம் தாங்காமல் மாமா ஒரே ஒரு மிட்டாயை நழுவவிட்டார். அவ்வளவுதான். இன்னும் உரக்க அழுதால் கிடைக்கும் என்று மொத்தக் கடைக்கும் விளங்கிவிட்டது.

அக்கா நேரில் வந்து அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அழுதா மிட்டாயும் கிடையாது, திட்டும் கிடையாது. சும்மா உக்காந்திருக்கிற பிள்ளைக்குக் குடுங்க பரிசு."

பரிசு என்னவென்றால், முடியை ஈரப்படுத்தும் தண்ணீர்ப் புட்டி. சமர்த்தாக இருக்கிற பிள்ளை மாமா முகத்தில் ஒரு பீச்சு பீச்சலாம். முதல் பீச்சு மூக்குக்குள்ளேயே போனது. மாமா தும்மிக்கொண்டே நாற்காலியைச் சுற்றி ஓட, காத்திருந்த பிள்ளைகள் அழவே மறந்துபோனார்கள். தினமும் நனைந்த கோழியாக வீடு வந்தார். சுவர் வழியாகச் சிரிப்பு மட்டுமே கேட்டது. பல்வலிக்காரர்கள் எழுந்து ஓடாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மாதக் கடைசி நாள் டாக்டர் வந்தார், நானும் பின்னாலேயே ஓடினேன். வாயைத் திறந்தார். கத்துவதற்கு ஒன்றுமில்லை. பாவம், முகம் தொங்கிப்போனது. பிறகு எப்படியோ ஒன்றைப் பிடித்தார்: "என்னப்பா இது சிரிப்பு! காலி பண்ணு கடைய!" சொல்லிக்கொண்டே நாற்காலியில் ஏறித் தலையைச் சாய்த்தார். மாமாவின் கை தானாக அந்தத் தலைக்குப் போனது. சாவியோடு அங்கேயே இருந்த அக்கா அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவருக்கும் அதே வைத்தியம்தாங்க," என்று காதில் கிசுகிசுத்தாள்.

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் இன்னும் உரக்கக் கத்தினார். மாமா கட்டிய கையைப் பிரிக்கவில்லை. கத்திக் கத்தி டாக்டருக்குத் தொண்டை கட்டியது. கடைசியில் முனகினார்: "சரிப்பா. கடை உனக்குத்தான். இருந்துக்கோ."

மாமா உடனே இரண்டு கைகளையும் அவர் தலையில் வைத்தார்.

டாக்டர் கண்ணை மூடினார். "சுவருக்கு வெள்ளையும் அடிச்சுத் தர்றேன்," என்றார்.

மாமா இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்.