விரல்களுக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்

என் மனைவி ஒரு சுற்றுலா அலுவலகத்தின் மேலாளர். அங்கே விமான டிக்கெட், ஓட்டல், வங்கி என்று எதைத் திறக்கவும் அவளைத்தான் கேட்க வேண்டும். சேர்ந்த புதிதில் கடவுச்சொற்களைத் துண்டுச்சீட்டில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் வைத்தாள். கூட்டிப் பெருக்கியவர் குப்பையில் போட்டுவிட்டார். எக்செல் தாளில் பூட்டி வைத்தாள். கணினி செத்தபோது அதுவும் கூடவே போய்ச் சேர்ந்தது. அப்புறம் பென்டிரைவில் சுமக்கும் மென்பொருள் ஒன்று வந்தது. அது வாஷிங் மெஷினுக்குள் போய்க் குளித்தது. கடைசியாக வந்தது கணினியிலும் கைபேசியிலும் ஒன்றாகவே இருக்கும் பெட்டகம். கடவுச்சொற்களை அதுவே உண்டாக்கும், அதுவே நிரப்பும். பெட்டகத்தைத் திறக்கும் ஒன்றே ஒன்றை மட்டும் நாம் நினைவில் வைத்தால் போதும். அதை மறந்தால், விற்ற நிறுவனமே வந்தாலும் திறக்க முடியாது.

அவள் மறக்கவில்லை. மனதில் வைத்திருக்கவே இல்லை, அவ்வளவுதான். விரல்கள் தினமும் தடதடவென்று அடித்துவிடும். மண்டைக்கு வேலையே கிடையாது.

போன வாரம் படியில் வழுக்கி விழுந்தாள். வலது கையில் மாவுக்கட்டு, கைபேசி தூள். புதுக் கைபேசியும் அலுவலகக் கணினியும் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டன. இடது கையால் எத்தனை அடித்தும் பலிக்கவில்லை. ஒரு பள்ளியின் கால்பந்துக் குழுவுக்கு இரண்டு நாளில் டிக்கெட்டை உறுதி செய்யாவிட்டால் இருக்கைகள் கைவிட்டுப் போகும். அந்தக் கணக்கும் பெட்டகத்துக்குள், மின்னஞ்சலும் பெட்டகத்துக்குள்.

"புள்ளைங்க முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?" என்று அழுதாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பெட்டகத்தில் அவசரத்துக்கென்று நம்பிக்கையான ஆள் ஒருவரைக் குறித்து வைக்கலாம். அவர் கேட்டால் ஒரு நாள் காத்திருக்கும். நாம் மறுக்காவிட்டால் அவருக்குத் திறந்துவிடும்.

"யாரைப் போட்டிருக்கே?" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்க தங்கச்சியத்தான்."

சரியாய்ப் போயிற்று! இரண்டு பேரும் ஈருடல் ஓருயிராக இருந்த காலத்தில் போட்டது. இரவல் மிக்ஸியை எரித்தது யார் என்ற தகராறில் மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"அவகிட்ட நான் கெஞ்சணுமா?"

"நீ கெஞ்ச வேணாம். நான் கெஞ்சறேன்."

தங்கை கேள்வியே கேட்கவில்லை. உடனே கோரிக்கையை அனுப்பிவிட்டாள். மறுநாள் மாலை மடிக்கணினியோடு நேரில் வந்தாள். பெட்டகம் திறந்தது. டிக்கெட்டுகள் உறுதியாயின. என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

"சண்டை போட்ட அன்னிக்கே என் பேரை எடுத்திருக்கலாமே அண்ணி?" என்றாள் தங்கை மெதுவாக.

மனைவி மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எடுக்கத்தான் உள்ளே போனேன். வேற யாரைப் போடறதுன்னு தெரியல."

கட்டிய கணவன், பக்கத்திலேயேதான் நிற்கிறேன். ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.