கொடுப்பவர் ஊருக்குச் சுவர் கிடையாது

போன புதன்கிழமை ஒருவருக்கு நல்லது செய்யப் பார்த்தேன். அதைவிட மோசமான காரியத்தை அந்த வாரத்தில் நான் செய்யவில்லை. திங்கட்கிழமை செய்த ஒன்றைத் தவிர.

சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தலை நரைத்தவனுக்கு ஏன் இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். இதே பக்கத்தில் நிலவு, மழை, பூனை என்று எழுதிக்கொண்டிருப்பவன்தான். என்ன செய்ய... பகலில் நான் ஹைதராபாத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சின்ன டீம் ஒன்றுக்குத் தலைவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே சாம்ராஜ்யங்கள் எழும்பும், விழும்.

எங்கள் மூன்றாவது மாடியில் நால்வர். ஐந்தாவது மாடியில் நால்வர். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு தேசம். ஒருவர் பாரசீகர், ஒருவர் மங்கோலியர் என்று சரித்திரத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

ஆரம்பத்தில் திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் கை அகலத்துக்கு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஒரு மண்டபம், மூன்று குடியானவர்கள், ஒரு குதிரைவீரன், நாலைந்து ஆடுகள். உலகம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் இனிமேல்தான் நடந்து நடந்து கண்டுபிடிக்க வேண்டும். முதல் கோடாரி மரத்தில் விழும் சத்தம் கேட்கும்போது எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறியும். எத்தனை தடவை பிறந்தாலும் அலுக்காத ஒரு காலை அது.

யுத்தம் கடைசியில் நடக்கிறது என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. முதல் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. எத்தனை பேரை விறகுக்கு அனுப்புகிறோம், எத்தனை பேரை வயலுக்கு, எப்போது அடுத்த யுகத்துக்குத் தாவுகிறோம்... எல்லாம் அங்கேயே தீர்மானமாகிவிடும். அப்புறம் வருகிற வாள் சத்தமெல்லாம் வெறும் சத்தம்.

அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கான திட்டத்தை வகுத்தவன் நான்தான். வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருந்தேன். திட்டம் எளிமையானது. நால்வரில் ஒருவர் தன் ஊரில் விளைகிற உணவு, மரம், பொன் எல்லாவற்றையும் இன்னொருவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கிக்கொள்கிறவர், எதிரிகளுக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே குதிரைப்படை எடுத்துவிடுவார். கொடுக்கிறவர் ஊரில் படை இருக்காது, சுவர் இருக்காது. எதிரி முதலில் அங்கேதான் வருவான். எரித்துவிட்டுப் போவான். போகட்டும்... அதற்குள் நாம் ஜெயித்திருப்போம்.

பலகையில் கடைசி வரி இப்படி இருந்தது: 'செல்வராஜுக்கு உதவிப்படை அனுப்ப வேண்டாம்.'

செல்வராஜ் எங்கள் டீமின் டெஸ்டர். மற்றவர்கள் எழுதுகிற ப்ரோக்ராமில் எங்கே ஓட்டை என்று தேடுவது அவர் வேலை. என் வயதுதான். தாத்தா காலத்திலேயே ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக இந்த ஊருக்கு வந்த குடும்பம். வீடு போலாரத்தில். தமிழில் பாதி, ஆமாம் என்பதற்கு 'ஹவ்'வும் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'வுமாக இந்த ஊர் உருது கலந்திருக்கும்.

இந்தத் திட்டத்தை நான் முதன்முதலாக விளக்கியபோது, யார் கொடுக்கிறவர் என்ற கேள்வியே எழவில்லை.

"நமக்கு எதுக்கு சார் குதிரை? நான் குடுத்துர்றேன். கார்த்திக் தம்பி ஆடட்டும்" என்றார் செல்வராஜ்.

கார்த்திக் கோயமுத்தூர்க்காரன். வேலைக்கு வந்து மூன்று வருஷம். விரல் பறக்கும். நாலாவது ஆள் சிரீஷா, விஜயவாடாப் பெண், தமிழ் புரியும், பதில் தெலுங்கில் வரும். ரெண்டு வருஷமாக இதே திட்டம். ரெண்டு வருஷமாக ஜெயித்தோம். ரெண்டு வருஷமாகச் செல்வராஜின் ஊர் எரிந்தது. "என் ஊரு போயிருச்சு சார்" என்று சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறப்பார்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் வங்கிகள் சரிந்ததிலிருந்து இங்கே லிஃப்டில் யாரும் பேசுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? எல்லாக் கம்பெனியிலும் வீட்டுக்கு அனுப்பப்போகிறவர்களின் லிஸ்ட் ஒன்று இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரிடம் இருக்கிறது என்றுதான் தெரியாது. திங்கட்கிழமை காலை என் மேலாளர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க டீம்ல ஒரு பேர் வேணும். வெள்ளிக்கிழமை சொல்லிடுவாங்க. அதுவரைக்கும் விஷயம் வெளியே போகக்கூடாது."

யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் டீமில் யாரையும் விட முடியாது என்று ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. செல்வராஜ் பெயர் என் வாயில் தயாராக இருந்தது. எட்டு வருஷமாக அவர் தலைக்குள் மட்டுமே இருந்த விஷயங்களையெல்லாம் கார்த்திக்குக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று ரெண்டு மாசத்துக்கு முன்னால் நான்தான் சொல்லியிருந்தேன். ஒரு நோட்டு முழுக்கக் கோடு போட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு யார் பெயரைச் சொன்னாலும் சத்தம் வரும். இவர் பெயருக்குச் சத்தம் வராது.

நல்ல மனுஷன் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? பெரும்பாலும், நம்முடைய திட்டத்துக்கு இடைஞ்சல் செய்யாதவரை.

ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை மதியம் மார்க்கரை எடுத்தேன். பலகையை அழித்தேன். புதுத் திட்டம் எழுதினேன். நாங்கள் மூன்று பேரும் கொடுப்போம். செல்வராஜ் வாங்கிக்கொள்வார். குதிரைப்படை அவருக்கு.

"சார், மீரு சீரியஸா?" என்றாள் சிரீஷா.

"என்னங்க சார், வெள்ளிக்கிழமை ஃபைனலை வெச்சுட்டு..." என்றான் கார்த்திக்.

செல்வராஜ் பலகையை ரெண்டு தடவை படித்தார். "நக்கோ சார். எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல."

"ஒரு தடவை நீங்களும் ராஜாவா இருந்து பாருங்களேன்" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டரையே எதிரியாக வைத்து ஆடிப் பார்த்தோம். மூன்று ஊர்களின் தானியமும் அவர் களஞ்சியத்தில் கொட்டியது. அவருக்குச் செலவழிக்கத் தெரியவில்லை. பதினைந்தாவது நிமிஷத்துக்கு மேல் அவருடைய ஊர் உயிரோடு இருந்ததே இல்லையே... அப்புறம் என்ன செய்வது என்று எப்படித் தெரியும்? "தம்பி, உனக்கு ஏதாச்சும் அனுப்பவா? நெறய கெடக்கு" என்று கார்த்திக்கிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சுவர் கட்டினார். ஊரைச் சுற்றி, கல் கல்லாக, கோணல் இல்லாமல். உள்ளே வரிசையாக வீடுகள். ஒரு சிப்பாய்கூட இல்லை.

"அண்ணா, சண்டைக்குப் போறீங்களா, கல்யாண மண்டபம் கட்டறீங்களா?" என்று கார்த்திக் கேட்க, எல்லோரும் சிரித்தோம். செல்வராஜும் சிரித்தார். இருபத்திரண்டாவது நிமிஷத்தில் தோற்றோம்.

சாயங்காலம் வழக்கம்போல அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். என் வீடு மாரெட்பள்ளி. தினமும் எனக்காக ஒரு சுற்று சுற்றி என்னை இறக்கிவிட்டுத்தான் போலாரம் போவார். பேகம்பேட் சிக்னலில் நின்றோம்.

"சார்" என்றார், திரும்பாமல்.

"சொல்லுங்க."

"பிளானை ஏன் மாத்துனீங்க?"

"சும்மாதான். ஒரு மாறுதலுக்கு."

"ரெண்டு வருஷமா ஜெயிக்கிற பிளான் சார் அது."

நான் பக்கத்து ஆட்டோவைப் பார்த்தேன்.

"ஒரு பட்டன் நேத்து இடது பக்கம் இருந்துச்சு, இன்னிக்கு வலது பக்கம் இருக்குன்னா, உள்ளே யாரோ எங்கேயோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அதைத் தோண்டிப் பாக்கறதுதானே சார் என் வேலை?" என்றார். பிறகு, "லிஸ்ட்ல என் பேர் இருக்கா?"

"சே சே... என்ன பேச்சு இது!"

"ஹவ் சார்" என்றார். பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது. பாரடைஸ் சந்திப்பைத் தாண்டினோம். பிறகு, "வெள்ளிக்கிழமைக்குப் பழைய பிளானையே போடுங்க. ஜெயிக்கணும்ல?"

கருணை என்று நினைத்து நான் கொடுத்தது அவருக்கு ரெண்டு நாள் முன்கூட்டிய நோட்டீஸாகப் போய்ச் சேர்ந்தது. அவர் அந்த ரெண்டு இரவும் தூங்கினாரா? கேட்கிற தைரியம் எனக்கில்லை.

வெள்ளிக்கிழமை. பழைய பலகை, பழைய வரிகள். ஐந்தாவது மாடியோடு ஃபைனல். செல்வராஜ் கொடுத்தார். ரெண்டு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக அவர் ஆடி நான் பார்த்ததில்லை. ஆடு, வயல், விறகு... ஒரு குடியானவன்கூட ஒரு நொடி சும்மா நிற்கவில்லை. பன்னிரண்டாவது நிமிஷம் அவர் மேஜையில் போன் அடித்தது.

எடுத்தார். "எஸ்" என்றார். வைத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு திரைக்குத் திரும்பி நாலு தடவை க்ளிக் செய்தார்.

"மிச்சம் இருந்ததையும் அனுப்பிட்டேன் தம்பி" என்று கார்த்திக்கிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நான் எழுந்து கூடப் போயிருக்க வேண்டும். அந்தக் கண்ணாடி அறை வாசல்வரைக்குமாவது. நான் எழுந்திருக்கவில்லை. கார்த்திக்கின் படை ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது, அதற்கு என் ஈட்டிக்காரர்கள் துணை போக வேண்டியிருந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் திரையின் ஓரத்தில் செல்வராஜின் ஊருக்குள் எதிரிகள் நுழைவது தெரிந்தது. ஓடு என்று சொல்ல ஆளில்லாததால், அவருடைய குடியானவர்கள் மரம் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். வெட்டிக்கொண்டே விழுந்தார்கள்.

நாற்பதாவது நிமிஷம் ஜெயித்தோம்.

சிரீஷா கை தட்டினாள். அப்புறம்தான் காலி நாற்காலியைப் பார்த்தாள். "செல்வராஜ் காரு எக்கட?" என்று அவரைத் தேடினாள். கார்த்திக் அவர் மேஜைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். டிபன் பாக்ஸ் இல்லை. தண்ணீர் பாட்டில் இல்லை. அவன் என்னைப் பார்த்த பார்வையில், அவர் எழுதிக் கொடுத்த நோட்டு எதற்கு என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்திருப்பது தெரிந்தது.

ஆறு மணிக்கு பஸ் பிடிக்கலாம் என்று கேட்டைத் தாண்டினேன். எதிர் டீக்கடை ஓரமாக ஸ்கூட்டர். அதன்மேல் செல்வராஜ்.

"ஏறுங்க சார்."

"நீங்க... இன்னும் போகலையா?"

"ரெண்டரைக்கே வீட்டுக்குப் போனா என்ன ஆச்சுன்னு வீட்டுக்காரி கேப்பா சார். வழக்கமா போற நேரத்துக்கே போறேன். எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கணும்ல?"

ஏறினேன். வேறென்ன செய்வேன்? பஞ்சாகுட்டா, பேகம்பேட், பாரடைஸ். எல்லா சிக்னலும் சிவப்பு. 'நான்தான் உங்க பேரைக் கொடுத்தேன்.' நாலே சொல். ஒவ்வொரு சிக்னலிலும் அதை நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கினேன். இருபது வருஷமாகச் சொல்லோடு புழங்குகிறவன்...

பெயரைக் கொடுத்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை. மாரெட்பள்ளி நெருங்கும்போது வேகத்தைக் குறைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒண்ணே ஒண்ணு."

"கேளுங்க."

"ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட நீங்க குடுக்கற எடத்துல உக்காரலையே... ஏன்?"

குரலில் கோபம் இல்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிற ஆசை மட்டும்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் தெருமுனை வந்துவிட்டது.

இறங்கிக்கொண்டேன்.