கோச் நீட்டிய கை

உள்ளறையில் கார்ச்சாவி குலுங்கும் சத்தம் கேட்டதும் வெர்னா எழுந்து வாசலருகே போய் நின்றாள். போன வாரம் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் ஓட்டிப்போய், பள்ளி வேன் ஒன்றை இடிக்கப் பார்த்தவர் அவள் கணவர் டெல்மர். டொலிடோ நகர பேஸ்பால் அணிக்காகத் தோள்பட்டை கிழியும்வரை பதினோரு வருடம் பந்து வீசியவருக்கு, இப்போது நினைவு தேய்ந்துகொண்டே வந்தது. டாக்டர் மிரட்டியும் மகன் அழுதும் சாவியை மட்டும் அவர் விடவில்லை.

கடைசியில் வெர்னா அவருடைய பழைய கோச் ஸ்டானெக்கை வரவழைத்திருந்தாள்.

"என்ன கோச், இன்னும் சாகலையா நீங்க?" சாவியோடு வெளியே வந்த டெல்மர் சிரித்தார்.

"உன்னை அனுப்பிட்டுத்தான்டா போவேன்" என்ற கிழவர், மெல்ல நடந்து வந்து உள்ளங்கையை நீட்டினார்.

ஆட்டத்தின் நடுவே கோச் அப்படி வந்து கை நீட்டினால், வீசுபவன் பந்தைக் கொடுத்துவிட்டு வெளியேறியாக வேண்டும். டெல்மரின் முகம் செத்துப்போயிற்று.

"இன்னும் ஒரே ஒருத்தனை அவுட்டாக்கிட்டு வந்துடறேனே, கோச்! எனக்குத் தெம்பு இருக்கு."

"போதும்டா டெல். நல்லாத்தான் போட்டே."

சாவி கைமாறியது. தலைகுனிந்து நின்ற டெல்மர், "எனக்கு அப்புறம் யாரு வீசப்போறா?" என்று கேட்டார்.

ஸ்டானெக் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். கதவைச் சாத்திய வெர்னாவுக்கு, கணவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.