பீலேரில் இறங்கிய சாவி

ஆனி மாதத்தில் ஒரே நாளில் எங்களுக்கு இரண்டு விசேஷங்கள் வந்தன. திருச்சானூரில் என் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். மதனப்பள்ளியில் என் கணவரோடு வேலை பார்ப்பவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். இரண்டையும் விட முடியாது. சித்தூரிலிருந்து எல்லோரும் காரில் கிளம்புவது, பாகாலாவில் அவர் இறங்கி மதனப்பள்ளிக்கு ரயில் பிடிப்பது, அங்கிருந்து நான் ஓட்டிக்கொண்டு திருச்சானூர் போவது என்று முடிவு செய்தோம். நான் கணக்கு டீச்சர். திட்டம் போடுவதில் என்னைக் குறை சொல்ல முடியாது.

கார் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சாவியைத் துளையில் நுழைத்துத் திருகுகிற வேலையெல்லாம் அதில் இல்லை. சாவி சட்டைப் பையில் இருந்தாலே கதவு திறக்கும், பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பும். அந்தச் சாவியின் வளையத்தில் என் கணவர் ஸ்கூட்டர் சாவி, பீரோ சாவி, அவர் அலுவலக அலமாரி சாவி எல்லாவற்றையும் கோர்த்து வைத்திருந்தார். ஒரே இடத்தில் இருந்தால் தொலையாது என்பது அவர் கட்சி.

அன்று பின்சீட்டில் நைனா, என் அப்பா. விஜயபுரம் பக்கத்து ஊரிலிருந்து, வேர்க்கடலைக்குக் களை எடுக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு முந்தின நாளே வந்திருந்தார். அவர் மடியிலும் பக்கத்திலும் சீர்த் தட்டுகள். டிக்கி முழுக்கத் தேங்காய். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த என் காலடியில், அவர் கொண்டுவந்த பலாப்பழம் ஒன்று.

பாகாலா ஸ்டேஷன் வாசலுக்குப் போகும்போதே ரயில் வந்து நிற்பது தெரிந்தது. என் கணவர் வண்டியை நிறுத்தினார், அணைக்கவில்லை. எலுமிச்சை சாதம் கட்டிய டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "பாத்து ஓட்டு, ஹாரன் அடிக்க வெக்கப்படாத" என்று சொல்லிவிட்டு ஓடினார். நான் டிரைவர் சீட்டுக்கு மாறினேன். பலாப்பழத்தைத் தூக்கி நான் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தேன்.

கதவைச் சாத்தியதும் வண்டி, பீப் பீப் பீப் என்றது.

"நைனா, பெல்ட் போடு. வண்டி கத்துது பாரு."

"பின்னாடி குந்திக்கினு கீறவனுக்கு இன்னாத்துக்கும்மா பெல்ட்டு?"

"போடு நைனா."

முனகிக்கொண்டே போட்டார். சத்தம் நின்றுவிட்டது. நான் சொன்னது சரியாகிவிட்ட மகிழ்ச்சியில் கிளம்பினேன். ஸ்டீரிங்குக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னச் சாவிப் படம் எரிந்துகொண்டிருந்தது. சர்வீஸ் விடச் சொல்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சந்திரகிரியில் பூ வாங்க இறங்கினேன். நைனாவுக்கு ஏ.சி. வேண்டுமே என்று வண்டியை அணைக்காமலே போனேன். திரும்பி வந்து கதவைச் சாத்தினால் மறுபடியும் பீப் பீப் பீப்.

"நான் பெல்ட்ட கயட்டலம்மா" என்றார் நைனா, இரண்டு கையையும் தூக்கிக் காட்டி.

யோசித்தேன். பக்கத்து சீட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குப் பலாப்பழம். வண்டி அதை ஆள் என்று நினைத்துவிட்டது! பலாப்பழத்துக்கும் பெல்ட் போட்டேன். சத்தம் நின்றது. அறிவியல் எவ்வளவு எளிமையானது என்று நைனாவுக்கு ஒரு சின்ன விளக்கமும் கொடுத்தேன். அவர் பலாப்பழத்தைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

திருச்சானூரில் மண்டபம் குறுகலான தெருவில் இருந்தது. கேட்டின் பாதியை மறைத்தபடி ஓரமாக நிறுத்தி, தட்டுகளை இறக்கிவிட்டுப் பிறகு தள்ளிப் போடலாம் என்று எண்ணினேன். பழக்க தோஷத்தில் பட்டனை அழுத்தி வண்டியை அணைத்துவிட்டேன்.

தட்டெல்லாம் உள்ளே போனது. திரும்ப வந்து உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். பலாப்பழத்துக்குப் போட்ட பெல்ட்டைக் கழற்றிவிட்டு அழுத்தினேன். அப்போதுதான் திரையில் எழுத்துகள் வந்தன. சாவி வண்டியில் இல்லையாம்.

கைப்பையைக் கவிழ்த்துத் தேடினேன். தேடும்போதே மனதுக்குள் அந்தக் காட்சி ஓடியது: டிபன் பாக்ஸோடு ரயிலைப் பார்த்து ஓடுகிறார், அவர் சட்டைப் பை குலுங்குகிறது.

போன் போட்டேன்.

"என்னங்க, சாவி எங்க?"

"எந்தச் சாவி?"

"கார் சாவி!"

ரயில் சத்தத்துக்கு நடுவே சாவிகள் குலுங்குவது கேட்டது. பிறகு மிகவும் சன்னமான குரலில், "பாக்கெட்ல இருக்குது" என்றார். உடனே குரல் உயர்ந்தது. "அப்ப நீ எப்படித் திருச்சானூர் போன?"

ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சாவி இறங்கிப் போனாலும் நிற்காது, பீப் என்று சொல்லிப் பார்த்துவிட்டுத் தன்பாட்டுக்கு ஓடும், அணைத்தால்தான் மறுபடி கிளம்பாது என்பதெல்லாம் எங்கள் இருவருக்கும் அன்றைக்குத் தெரியாது. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகம் உறை பிரிக்காமல் பீரோவில் இருந்தது. மாற்றுச் சாவியும் அதே பீரோவில்தான்.

"பக்கத்து வீட்டுக்காரங்கள விட்டு எடுத்துக் குடுத்தனுப்பச் சொல்லட்டுமா? வீட்டுச் சாவி அவங்ககிட்ட ஒண்ணு இருக்குதே" என்றேன்.

"பீரோ சாவி என் பாக்கெட்ல இருக்குது" என்றார்.

கவிழ்த்துப் போட்டதையெல்லாம் திரும்பக் கைப்பைக்குள் திணித்தேன். வாயைத் திறந்திருந்தால் நல்ல வார்த்தையாக வந்திருக்காது. அவரே சொன்னார்: "பீலேரு வரப்போவுது. எறங்கி, திருப்பதி பஸ் டிரைவர்கிட்ட குடுத்தனுப்பறேன். நீ பஸ் ஸ்டாண்டுல போய் வாங்கிக்க."

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்து எங்கள் வண்டிக்குப் பின்னால் நின்றது. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "நியூட்ரல்ல போடு பாப்பா, தள்ளிப்புடலாம்" என்று ஆறு பேரைக் கூப்பிட்டார். போட்டேன். ஆனால் ஸ்டீரிங் பூட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பிய நிலையிலேயே இறுகிவிட்டது. ஆறு பேரும் "ஏலேலோ" என்று ஒரு தள்ளு தள்ளினார்கள். வண்டி ஆறடி முன்னால் போய், கேட்டுத் தூணில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. அதுவரை பாதிக் கேட்டை அடைத்திருந்த வண்டி, இப்போது முழுக் கேட்டையும் அடைத்துவிட்டது. இந்தப் பக்கக் கதவு தெருவைப் பார்த்திருந்தது, அந்தப் பக்கக் கதவு மண்டபத்தைப் பார்த்திருந்தது. நடுவில் பின்சீட்டில் நைனா.

மண்டபத்து மேனேஜர் தெலுங்குக்காரர். அவர் உள்ளே நின்று, "தாளம் எக்கட? தாளம்! தாளம்!" என்று கத்தினார். தெலுங்கில் சாவிக்குத் தாளம் என்று பெயர், எக்கட என்றால் எங்கே. மேளக்காரர்களோ திருத்தணிப் பக்கத்துத் தமிழர்கள். மாப்பிள்ளை வந்துவிட்டார், தாளம் போடச் சொல்கிறார்கள் என்று நினைத்து, ஜால்ராவும் தவிலும் நாதஸ்வரமும் ஒரேயடியாக ஆரம்பித்துவிட்டன. மேளச் சத்தம் கேட்டதும் ஆரத்தித் தட்டோடு பெண்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். வந்தவர்களுக்கு எதிரே என் கார்.

பின்வாசல் இருந்தது. ஆனால் அது சமையற்கட்டு வழி. "சம்பந்தியை அடுப்பங்கரை வழியா கூட்டினு போறதா? மானம் போயிடும்" என்று சித்தப்பா ஒப்பவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டுப்புடவையோடு நடுத்தெருவில் நின்று மூக்கைச் சிந்தினேன்.

அப்போது நைனா பெல்ட்டைக் கழற்றினார். இரண்டு பக்கக் கதவையும் விரியத் திறந்தார். முன்சீட்டுக்குத் தாவி, பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, தெருப்பக்கம் தலையை நீட்டினார்.

"இப்படிக்கா ஏறு, அப்படிக்கா எறங்கு. அவ்ளோதான! வாங்க சம்பந்தி, ஒவ்வொருத்தரா வாங்க. தலை பத்திரம்."

மாப்பிள்ளையின் அப்பா முதலில் தயங்கினார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, சீட்டில் நகர்ந்து, அந்தப் பக்கம் இறங்கினார். இறங்கிய உடனே மேளம் உச்சத்துக்குப் போனது. அதைக் கேட்ட மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. முப்பது பேர் என் கார் வழியாக மண்டபத்துக்குள் போனார்கள். நைனா பஸ் கண்டக்டர் மாதிரி, "உள்ள போ, உள்ள போ, நின்னுக்கினு இருக்காத" என்று விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பருமனான அத்தை நடுவில் மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் இரண்டு பேர் தள்ள, அந்தப் பக்கம் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒருத்தி இழுத்தாள். அத்தை வெளியே வந்ததும், "ஏ.சி. போட்டிருக்கலாம்" என்றார்.

மாப்பிள்ளைப் பையன் கடைசியில் வந்தான். அவன் காலை வெளியே வைப்பதற்குள், ஆரத்தி சுற்றிய பெண் அவசரத்தில் முன்கதவிலிருந்து எட்டிப்பார்த்த நைனாவுக்கே சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். நைனா நிமிர்ந்து வாங்கிக்கொண்டார். மிச்சம்தான் மாப்பிள்ளைக்கு.

நான் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பீலேரு பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. டிரைவர் இறங்கியதும் ஓடினேன். கையில் எங்கள் வீட்டு டிபன் பாக்ஸ்!

"லோபல ஏமுந்தம்மா? உள்ள இன்னா கீது, சொல்லு. அப்பத்தான் குடுப்பேன்" என்றார். பொறுப்பான மனிதர்.

"சாவி."

"சாவி மட்டும்தானா?"

போன் போட்டுக் கேட்டேன். "பாதி சாதம் மிச்சம் இருந்துச்சு. கொட்ட மனசு வரல. அதுக்கு மேல இலைய போட்டு சாவிய வெச்சேன்" என்றார் என் கணவர்.

"எலுமிச்சை சாதமும் சாவியும்" என்றேன்.

"ஆங், கரெக்டு" என்று கொடுத்தார்.

வழியெல்லாம் பஸ் குலுங்கியதில் இலை கீழேயும் சாவி சாதத்துக்குள்ளும் போயிருந்தன. முந்தானையால் துடைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்தேன். மண்டபத்தில் லக்னப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நைனா இன்னும் காரிலேயே இருந்தார். பூட்ட முடியாத வண்டியை விட்டு எப்படி வருவது என்று, பொங்கலையும் வடையையும் அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டு முடித்திருந்தார். சாவி வேலை செய்கிறதா என்று பார்க்க அதிலிருந்த ஒரு பட்டனை அழுத்தினேன். ஒரு சோற்றுப் பருக்கை இடுக்கில் இருந்திருக்க வேண்டும். அழுத்திய பட்டன் எழுந்திருக்கவில்லை. வண்டி எல்லா விளக்கையும் சிமிட்டி, ஊரே அதிர அலற ஆரம்பித்தது. நைனா பலாப்பழத்தோடு வெளியே குதித்தார். உள்ளே வாத்தியார் வாசிப்பதை நிறுத்திவிட்டார். முடிந்துவிட்டது என்று நினைத்து மேளக்காரர்கள் கெட்டிமேளம் தட்டிவிட்டார்கள். ஹேர்பின்னால் பருக்கையைக் கிளறி எடுக்கும்வரை இரண்டு சத்தமும் போட்டி போட்டன. "மங்கள சப்தம்தான், பரவாயில்லை" என்று வாத்தியார் பெருந்தன்மையாக அதை முடித்துவைத்தார்.

இப்போது மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. பீரோ சாவி தனி. வண்டியிலிருந்து யார் இறங்கினாலும் கையைத் தூக்கிச் சாவி யாரிடம் என்று காட்ட வேண்டும். என் கணவர் இரண்டு கையையும் தூக்குகிறார், போலீஸ் பிடித்தது போல. அன்றைக்கு அவர் மதனப்பள்ளி போய்ச் சேரும்போது பந்தி முடிந்து பந்தலையே பிரித்துவிட்டார்களாம். ஒரு வாழைப்பழம் கிடைத்தது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று அந்த அலறலுக்குப் பிறகு வண்டியைத் தொடப் பயந்து கேட்டிலேயே விட்டிருந்தேன். சாப்பாடெல்லாம் முடிந்து நான் கிளம்பியபோது, மாப்பிள்ளையின் அம்மா, "உங்க வண்டி ஸ்டார்ட் ஆவுதான்னு பாத்துட்டுத்தான் நாங்க வேன்ல ஏறுவோம்" என்றார். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, மேளக்காரர்கள், மேனேஜர் எல்லோரும் மறுபடி கார் வழியாகவே இறங்கி வந்து தெருவில் வரிசையாக நின்றுவிட்டார்கள். பட்டனை அழுத்தினேன். வண்டி கிளம்பியது. அத்தனை பேரும் கைதட்டினார்கள். ஒருவர் விசில்கூட அடித்தார். வெட்கம் தாங்காமல் யாரையும் பார்க்காமல், வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பி ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போனேன்.

மெயின் ரோட்டில் திரும்பும்போது போன் அடித்தது. சித்தப்பா.

"பாப்பா, உங்க நைனா இங்கதான் நின்னுக்கினு கீறாரு."

திரும்பிப் போனேன். நைனா தெருமுனைக்கே நடந்து வந்திருந்தார். கதவைத் திறந்துவிட்டு, "ஏன் நைனா, ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் கைதட்டினாங்களா, நானும் தட்டினு இருந்தேன்" என்றார். "நல்லாத்தாம்மா ஓட்டினு போன."