சூசை சித்தப்பா பெயரில் ஒரு சிலுவை

அப்பா 1968-இல் எழுதிவைத்த குடும்பப் பட்டியலை செக்காலை ரோட்டு டிடிபி கடையில் அடித்து வாங்கினேன்.

இறந்தவர்கள் பெயருக்கு முன்னால் அப்பா சிலுவைக் குறி போட்டிருந்தார். அச்சில் அது கட்டம் கட்டமாய் விழுந்து தொலைத்தது. இன்று கணினியில் ஒவ்வொன்றாகத் தேடி, 'மறைந்த' என்று மாற்றிக்கொண்டே வந்தேன்.

பினாங்கு சூசை சித்தப்பா பெயருக்கு முன்னாலும் அந்தக் கட்டம்!

கடைக்காரர் தவறோ என்று பழைய தாளைப் பார்த்தேன். அப்பா கையாலேயே போட்ட சிலுவை இருந்தது. அம்மாவிடம் கேட்டேன்.

"ஆமாப்பா, நீ கைப்புள்ளையா இருக்கையிலயே எறந்துட்டாகளே" என்றார் அம்மா.

"அப்ப எழுபத்தஞ்சுல ஹாஸ்டலுக்கு மாசாமாசம் எனக்கு லெட்டர் போட்டது யாரும்மா?"

"எந்த லெட்டரு?"

கடைசிக் கடிதம் இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது. 'அடுத்து நேரிலேயே வாரேன்' என்று முடிகிறது.

'மறைந்த' என்று மாற்றினால் சித்தப்பா கோவித்துக்கொள்வாரோ?

நீங்களாக இருந்தால் மாற்றும் பொத்தானை அழுத்துவீர்களா?