போவதும் வடக்கு, வருவதும் வடக்கு

"இது எந்தப் பக்கம் காட்டும்?" என்று அத்தான் கேட்டார்.

"வடக்கு சார்," என்றாள் கடைப்பெண்.

"இது?" விலை கூடிய திசைகாட்டி ஒன்றைத் தொட்டுக் கேட்டார்.

"அதுவும் வடக்குதான் சார்."

"அப்புறம் எதுக்கு விலை மட்டும் மேல போகுது?"

கடைப்பெண் சிரிக்கவில்லை. தட்டையாக, ஊடுருவிப் பார்க்கும்படி இருந்த ஒன்றை எடுத்து வைத்தாள். "இதை எடுத்துக்கங்க சார். உள்ள எண்ணெய் இருக்கு, முள் ரொம்ப ஆடாம சீக்கிரம் நிக்கும். வரைபடத்து மேலயே வச்சுப் பாக்கலாம். கழுத்துல மாட்டக் கயிறும் இருக்கு."

"ஸ்கூல் பசங்க ஸ்கேல் மாதிரி இருக்கே. பெரிய மனுஷன் கையில வச்சுக்கிற மாதிரி எதுவும் இல்லையா?"

அவள் கீழ்த்தட்டிலிருந்து பித்தளைத் திசைகாட்டி ஒன்றை எடுத்தாள். தோல் உறை போட்டது. "இதெல்லாம் அழகுக்கு வாங்குவாங்க சார்."

"அழகா இருந்தா வழி காட்டாதா?" என்று கேட்டு அத்தான் அதையே வாங்கினார். கூட வந்திருந்த மனைவியின் தங்கை கடைப்பெண்ணைப் பார்த்தாள். கடைப்பெண்ணும் அவளைப் பார்த்தாள்.

அத்தானுக்குப் பார்சல் அலுவலகத்தில் புகார் மேசை. பொருள் வந்து சேரவில்லை என்று வருகிறவர்களிடம் "முகவரி தெளிவா இல்லை" என்று சொல்லி அனுப்புவதே அவர் உத்தியோகம். அலுவலகத்தின் மேல் தவறு என்று இதுவரை அவர் ஒப்புக்கொண்டதில்லை. தெருவில் இறங்கினாலும் அதே ஆள்தான். யாரிடமாவது வழி கேட்டால் கிரீடம் இறங்கிவிடும். ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பி, மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த பெருமை அவருக்கு உண்டு. அன்றும் மண்டபத்தைத்தான் திட்டினார். செல்போன் வரைபடம் இருக்கிறதே என்றால், "ஒரு பொம்பளை குரல் சொல்லி நான் திரும்பணுமா?" என்பார்.

பித்தளை வந்த பிறகு கேட்கவே வேண்டாம். உறையோடு உள்ளங்கையில் ஏந்தி, முன்னால் நீட்டிக்கொண்டுதான் காய்கறிக்கடைக்கே போவார். உறையை விட்டு எடுத்தால் பித்தளை கறுத்துவிடுமாம். அந்த உறையின் முன்விளிம்பில், மூடி ஒட்டிக்கொள்வதற்காகக் காந்தப் பொத்தான் ஒன்று தைத்திருந்தது. அப்போது அது யார் கண்ணிலும் படவில்லை. முள் பாவம், என்ன செய்யும்? பக்கத்திலிருந்த காந்தத்தைப் பார்த்தபடியே நின்றது. ஆக, அத்தான் எந்தப் பக்கம் நடந்தாலும் அவருக்கு எதிரே வடக்கு. உலகம் தன் மூக்குக்கு நேராக நிற்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

"கடைக்குப் போறதும் வடக்கு, திரும்பி வர்றதும் வடக்கா?" என்று அவர் மனைவி, தங்கைக்கு அக்கா, ஒருநாள் கேட்டாள்.

"ரோடு வளையுதுல்ல," என்றார்.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் பெயின்ட் கம்பெனியில் நிறம் ஒத்துப்பார்க்கிற வேலையில் இருந்தவள். இரண்டு வெள்ளைகளை அருகருகே வைத்தால், எதில் ஒரு சொட்டு மஞ்சள் கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். குழந்தை பிறந்ததும் வீட்டோடு நின்றுபோனாள். மகன் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் வேறொரு கம்பெனி அதே வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். இதை விட்டால் அத்தான் இன்னொரு முறை சம்மதிக்கமாட்டார் என்பது அக்காவுக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும். இந்தச் சம்மதமே "நானே கூட்டிட்டுப் போவேன்" என்ற நிபந்தனையோடுதான் வந்தது. துணைக்குத் தங்கையும் கிளம்பினாள்.

புதிய தொழிற்பேட்டை. ஒரே அச்சில் வார்த்த மாதிரி தகரக் கொட்டகைகள். செல்போன் வரைபடத்தில் அந்த இடம் இன்னும் பொட்டலாகவே கிடந்தது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து நாலு பக்கமும் சாலைகள் பிரியும், வடக்கே போகிற சாலையில் கடைசிக் கட்டடம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். தொட்டிக்கடியில் காவலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, அவரை ஒரு வார்த்தை கேட்டுடலாமே," என்றாள் அக்கா.

"கையில இதை வச்சுக்கிட்டு வாட்ச்மேன்கிட்ட போய் நிக்கணுமா? வா பேசாம."

நேராக நடந்தார். காலை வெயில் மூன்று பேர் முகத்திலும் அறைந்தது.

"அத்தான், சூரியன் எதிர்ல இருக்கே," என்றாள் தங்கை. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதே அபூர்வம்.

"கண்ணு கூசினா குடையைப் பிடி," என்றார்.

சந்து சந்தாக வளைந்து, கடைசியில் ஒரு மதில்சுவரில் போய் முட்டினார்கள். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அழுவாளோ என்று தங்கை பயந்தாள். அக்கா அழவில்லை.

"குடுங்க அதை."

"உறையிலேர்ந்து எடுக்காத, கறுத்துடும்!"

அவள் எடுத்துவிட்டாள். முள் ஒரு சுற்றுச் சுற்றி, இடப்பக்கம் திரும்பி நின்றது. உறைக்குள் வைத்தாள், முன்னால் ஓடியது. வெளியே எடுத்தாள், மறுபடி இடப்பக்கம். இரண்டு வெள்ளைகளைப் பார்க்கிற அதே கண்ணோடு பார்த்தாள். வெறும் உறையை அத்தான் கையில் வைத்தாள்.

"இதை நீங்க வச்சுக்கங்க," என்றாள். தங்கையிடம், "இவரைக் கூட்டிட்டு வா," என்றாள். பெட்டி படுக்கையை ஒப்படைக்கிற குரல். சந்துகளைத் தாண்டித் தொட்டிப் பக்கம் ஓடினாள்.

தங்கை தொட்டி தெரிகிற சந்துமுனை வரை போய் எட்டிப் பார்த்தாள். முள் கையில் இருந்தும் அக்கா காவலாளியிடம் நின்று கேட்டாள். அவர் கை நீட்டிய சாலையில் ஓடி, நேரத்தோடு உள்ளே போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கே வேலையும் கிடைத்தது.

மதில் முன்னால் நின்றவருக்கு அதெல்லாம் தெரியாது. "முகவரியே தெளிவா இல்லை," என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை திரும்பி வந்து நின்றாள். வெகுநேரம் உறையைத் திறந்து மூடினார்.

"அவ போன வழி உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தான்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான் முன்னால நடக்கறேன். நீ பின்னாலயே வா. திரும்ப வேண்டிய இடத்துல லேசா இருமு. இடதுன்னா ஒரு தடவை, வலதுன்னா ரெண்டு தடவை. அந்த வாட்ச்மேனைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் மெதுவா இருமு, என்ன?"